தேவையானதை மட்டும் கேட்கிற கடை

மட்டக்களப்பு மாவட்டம், செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி பிரிகிற இடத்துக்குக் கிட்ட ஒரு தட்டச்சுக் கடை இருக்கிறது. பலகையில் போட்டோக்கொப்பி, தட்டச்சு, விண்ணப்பப் படிவங்கள் என்று மட்டும்தான் எழுதியிருக்கும். பெயர் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் நானும் போடவில்லை. சந்தியில் இறங்கி "மனு எழுதுற ஐயாட கடை" என்று கேட்டால் ஓட்டோக்காரர் எவரும் காட்டுவார். சாப்பாட்டுக் கடைக்கும் புடவைக் கடைக்கும் எல்லாரும் கருத்து எழுதுகிறார்கள். போர்க்காலத்துத் தடுப்புக்காவலிலிருந்தும் முகாமிலிருந்தும் திரும்பி வந்த எங்கட சனம் நம்பிப் போகிற கடை இது. இதற்கும் ஒருவர் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் பதுளை வீதியில் உறுகாமத்துக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் பகுதியில் யாருக்காவது ஒரு படிவம் வந்தால் முதலில் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். தெரிந்ததை நிரப்பிக் கொடுப்பேன், தெரியாததற்கு இந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். முதன்முதலில் போனது என் தம்பிக்காக.

தம்பியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவில் வட்டுவாகல் பாலத்தால் வந்து இராணுவத்திடம் சரணடைந்தவன். அவனுடைய மனைவி வன்னிப் பிள்ளை. அவள் கைக்குழந்தையோடு செட்டிகுளம் மெனிக் பாமில், இராமநாதன் முகாமில் இருந்தாள். அவனைப் புனர்வாழ்வுக்கென்று பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். முகாம்களில் அடைபட்டிருந்த சனம் மூன்று இலட்சத்துக்குக் கிட்ட. மெனிக் பாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். மச்சாளும் பிள்ளையும் அதற்கு முன்பே, 2010இல், எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். தம்பியை வெலிக்கந்தைப் பக்கம் மாற்றிய பிறகு அம்மாவும் மச்சாளும் ஏறாவூரில் ரயில் ஏறிப் போய்ப் பார்த்து வருவார்கள். 2011இல் விட்டார்கள். கையில் புனர்வாழ்வு முடித்ததற்கான சான்றிதழ் ஒன்று இருந்தது. அடையாள அட்டை இல்லை, கல்யாணப் பதிவு இல்லை, இரண்டு வயது கடந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவும் இல்லை.

ஆள் வீடு வந்து சேர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அடையாள அட்டை இல்லாதவன் வங்கிப் புத்தகம் திறக்க முடியாது, சிம் எடுக்க முடியாது, கூலி வேலைக்குக் கொழும்புக்குப் போக முடியாது. இரவில் மறித்து ஐடி கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் ஆறு மணிக்குப் பிறகு தம்பி படலையைத் தாண்ட மாட்டான்.

ஐயா முன்பு சட்டத்தரணி ஒருவரிடம் பல வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். அந்த முதல் நாள் தம்பி அவருக்கு முன்னால் கதிரையில் இருந்ததும் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு தொடங்கினான். எந்த வருடம் இயக்கத்துக்குப் போனான், எங்கே பயிற்சி, யாருக்குக் கீழே, எங்கே சரணடைந்தான், எல்லாம் ஒரே மூச்சில். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சொன்னது, முகாமில் திரும்பத் திரும்பச் சொன்னது, வீட்டுக்கு வந்த பிறகும் விசாரிக்க வந்தவர்களுக்குச் சொன்னது. ஒப்புவிக்கிற மாதிரி வாயில் வரும். ஐயா பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மகன், அது இந்தப் படிவத்துக்குத் தேவையில்ல. தேவையெண்டா நான் கேப்பன். பிறந்த திகதியும் அம்மாட பேரும் சொல்லுங்க."

இந்தக் கடையைப் பற்றி ஒரே ஒரு விடயம் மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். படிவத்தில் இருக்கிற கேள்விக்கு மேல் ஒரு கேள்வி அங்கே கிடையாது. திரும்பி வந்தவர்களிடம் யார் எதைக் கேட்டாலும் விசாரணை மாதிரித்தான் அவர்களுக்கு இருக்கும். எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் அப்படித்தான். உதவி செய்ய வந்த நிறுவனங்களில் இருந்துகூடப் பிள்ளைகள் நீளமான படிவத்தோடு வந்து, எப்ப பிடித்தார்கள், எப்படி நடத்தினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். மறுகா வேறு ஒரு பிள்ளை வந்து அதையே கேட்கும். ஐயா எழுதுகிற கடிதத்தில் தம்பியின் கடந்த காலம் ஒரு வரிதான்: இன்ன திகதியில் புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்டவர், சான்றிதழின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. அதற்கு மேல் ஒரு கந்தோருக்கும் உரிமையில்லை என்று அவர் உறுதியாக நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வேலையும் சரியாகத் தெரிந்தவர். தொலைந்த அடையாள அட்டைக்குப் பதில் எடுக்க வேண்டுமென்றால் பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியைக் கொண்டுவர வேண்டும். தடுப்பில் இருந்து வந்த ஒருவனுக்குப் பொலிஸ் வாசலைத் தாண்டுவது எவ்வளவு பாரம் என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஐயா இதற்கென்றே ஒரு சிறு கடிதம் தயாரித்தார். முதலில் கிராம சேவகரிடம் (ஜி.எஸ்.) கையொப்பம் வாங்கச் சொன்னார், காலமை வேளையில் அம்மாவோடு போகச் சொன்னார், கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார். அப்படியே நடந்தது. விடுவித்த சான்றிதழில் தம்பியின் பெயர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருப்பதை விட ஓரெழுத்து மாறி இருந்தது. இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சத்தியக் கடதாசி எழுதி, சமாதான நீதவான் ஒருவரிடம் அனுப்பினார். இந்த ஓரெழுத்தைக் கவனிக்காமல் விண்ணப்பத்தை அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். எங்களுக்கே வேறொரு கடையில், பட்டணத்தில், அம்மாவின் படிவத்தில் தகப்பன் பெயரைப் பிழையாக அடித்துத் தந்து, திருத்துவதற்கும் காசு கேட்டார்கள்.

பிள்ளையின் பிறப்புப் பதிவுதான் கடினமாக இருந்தது. அவன் பிறந்தது 2009 மார்ச்சில், மாத்தளனில். பள்ளிக்கூடத்தில் ஆசுபத்திரி நடத்திய நாட்கள் அவை. காயக்காரரையும் நோயாளிகளையும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பல் கடற்கரையில் இருந்து ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பெப்ரவரியில் இருந்து மே வரை அப்படி ஏற்றப்பட்டவர்கள் கூடப் போனவர்களோடு சேர்த்து 14,000க்குக் கிட்ட. அந்த நெருக்கடிக்குள் பிறந்த பிள்ளைக்கு யார் துண்டு எழுதித் தருவது? மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு. அதையும் பிள்ளை பிறந்த இடத்துப் பிரிவில்தான் செய்ய வேண்டும், எங்களுக்கு அது முல்லைத்தீவு. அதோடு, தாய் தகப்பனுக்குக் கல்யாணப் பதிவு இல்லையென்றால் இருவரும் சேர்ந்து கேட்டால்தான் பத்திரத்தில் தகப்பன் பெயர் விழும். தம்பி உள்ளே இருக்கும்போதே மச்சாள் தனியாகப் போய்ப் பதிந்திருந்தால் அந்த இடம் வெறுமையாக இருந்திருக்கும். அவள் இரண்டு வருடம் பொறுத்திருந்ததற்குக் காரணம் அதுதான். எங்கள் ஊரில் சிலர் அவளைச் சோம்பேறி என்றார்கள். ஐயா கேட்டவுடன், "நல்ல வேலை செஞ்சிருக்கீங்க மகள்" என்றார். மச்சாளின் முகத்தில் அன்று வந்த தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆதாரமாக என்ன காட்டுவது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது மெனிக் பாமில் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. மச்சாள் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தாள். பிள்ளையின் பிறந்த திகதி அதில் எழுதப்பட்டிருந்தது. அதையும், பிரசவத்தின்போது பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவின் சத்தியக் கடதாசியையும் வைத்துத்தான் முல்லைத்தீவுக்கு விண்ணப்பம் போனது. பத்திரம் வந்தது. அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்தபோது அதன் பிரதிதான் போனது.

அழிந்த கடதாசிக்குப் பதில் எங்கே தேடுவது என்பதில் ஐயாவை மிஞ்ச ஆளில்லை. எங்கள் பக்கத்துக் கடதாசிகளுக்கு வந்த அழிவு கொஞ்சமல்ல. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு போனவை உண்டு. 1990இல் புல்லுமலை வரைக்குமுள்ள சனம் உடுத்த உடுப்போடு ஓடியது. 2004 மார்கழியில் கரையோரத்துச் சொந்தக்காரரிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்து வைத்ததைக் கடல் கொண்டுபோனது. 2007இல் மீண்டும் ஓட்டம். வாகரை ஜனவரியில் இராணுவத்திடம் விழுந்தது, படுவான்கரையும் பதுளை வீதியும் அதற்குப் பிறகு காலியாகின, ஜூலையில் குடும்பிமலை. இவ்வளவுக்கும் பிறகு ஒருவரிடம் காணிப் பேமிற் (அரச காணி அனுமதிப் பத்திரம்) எங்கே என்று கேட்டால் அவர் எங்கே போவார்? ஐயா வரிசையாகச் சொல்வார்: பிரதேச செயலகத்தில் காணி லெட்ஜர் இருக்கும், பள்ளிக்கூடத்தில் சேர்வு இடாப்பு இருக்கும், பழைய வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கும், வேதக்காரரென்றால் கோயிலில் ஞானஸ்நானப் பதிவு இருக்கும். எங்கள் அப்பாவின் பேமிற் விபரத்தை லெட்ஜரில் இருந்து எடுத்தது அவர் எழுதிய மனுவால்தான். இந்திய வீட்டுத் திட்டம் வந்தபோது காணிக்கு ஆதாரம் காட்ட முடிந்தது அதனால்தான். அந்தப் பேமிற்றில் பின்னுரித்தாளர் பெயர் போடாமல் விட்டால் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்ற பழைய ஒழுங்கு 2022இல்தான் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே எங்கள் அம்மாவிடம், "மகளிட பேரையும் யோசியுங்க" என்று சொன்னவர் அவர்.

எல்லாருக்கும் ஆள் திரும்பி வரவில்லை. என் அயலில் ஒரு மாமி. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தில் இருந்து 158 பேரைக் கொண்டுபோனார்களே, அதில் அவருடைய கணவரும் ஒருவர். செங்கலடியில் இருந்து வளாகம் அவ்வளவு தூரமில்லை. பஸ் அந்த வாசலைக் கடக்கும்போது மாமி மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார். 2010இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் இருப்பவருக்கு மரணப் பதிவு செய்யலாம் என்று. எத்தனையோ பேர் வந்து மாமியிடம் எடுக்கச் சொன்னார்கள், காணி மாற்றத்துக்கும் உதவிப் பணத்துக்கும் வேண்டும் என்றார்கள். மாமி ஒரே பிடி. 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகு நான் அவரை ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"அவர் செத்துட்டாரெண்டு நான் கையெழுத்து வைக்க மாட்டன்" என்று மாமி உள்ளே வரும்போதே சொல்லிவிட்டார்.

"வைக்க வேணாம்" என்றார் ஐயா. "அப்பிடி வைக்காமலே எடுக்கிற பத்திரம் ஒண்டு இப்ப இருக்கு. ஆளக் காணயில்ல, தேடிக்கொண்டிருக்கிறம். அவ்வளவுதான் அதில இருக்கும்."

மாமி அதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கணவரின் பெயர், வயது, அன்று உடுத்தியிருந்த சாரத்தின் நிறம் வரைக்கும் தானாகவே சொன்னார். சாரத்தின் நிறத்தைப் படிவம் கேட்கவில்லை. ஐயா அதைப் படிவத்தில் எழுதவில்லை, ஆனால் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பியை நிறுத்தியவர் மாமியை நிறுத்தவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. படித்து வருகிற அறிவு இல்லை இது.

சிறையில் இருந்து வந்தவர்களுக்கும் ஒரு தகவல். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பூசாவிலோ மகசினிலோ அனுராதபுரத்திலோ இருந்தபோது செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு உங்களைச் சந்தித்துப் பதிந்திருந்தால், தடுப்பில் இருந்ததற்கான சான்றை அவர்களிடம் கேட்டு எடுக்கலாம். என் சொந்த மாமியின் மகனுக்கு அந்தக் கோரிக்கைக் கடிதத்தை ஐயாதான் எழுதினார். வேலைக்குப் போகிற இடத்தில் இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்டால் வாயால் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வேலை செய்கிற முறையையும் சொல்ல வேண்டும். கணினித் திரை வாடிக்கையாளரைப் பார்த்தபடி இருக்கும், என்ன அடிக்கிறார்கள் என்று நாங்களும் பார்க்கலாம். அச்சு எடுப்பதற்கு முன் கடிதம் முழுவதையும் வாசித்துக் காட்டுவார். சிங்களத்தில் போக வேண்டிய கடிதத்தைக் கடையில் வேலை செய்கிற தங்கச்சி அடிப்பா. அதையும் தமிழில் வரி வரியாகச் சொல்லுவா. தனக்குப் புரியாத எழுத்தில் எத்தனையோ கடதாசிக்குக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர்களுக்கு இது பெரிய விடயம். இரண்டு பிரதி தருவார்கள், பதிவுத் தபால் துண்டை எங்கள் பிரதியின் பின்னால் ஒட்டி வைக்கச் சொல்வார்கள். மூலப் பத்திரம் எதையும் கடையில் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். லெமினேற் செய்யக் கேட்டாலும் பிரதிக்குத்தான் செய்வார்கள்.

காசு நியாயம். கடதாசித் தட்டுப்பாடு வந்த 2022இல் எல்லா இடமும் போலவே இங்கும் கூடியது, பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். புனர்வாழ்வு பெற்றவர், விதவை என்று தனி விலை கிடையாது. இதைச் சிலர் குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சரியாகவே படுகிறது. காசு கொடுத்துச் செய்விக்கிற வேலையில் பிழை இருந்தால் எங்கட ஆட்கள் வாய் திறந்து கேட்பார்கள். இலவசமாகச் செய்து தந்தால் பிழையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கையில் இல்லாத நாளில் பிறகு தாருங்கள் என்றும் சொல்லுவார்.

குறைகளும் இருக்கின்றன. ஆட்கள் இருக்கிற வாங்கு மேசைக்கு மிகக் கிட்ட. காத்திருக்கிறவர்களுக்கு முன்னால் ஒருவர் சொல்வதெல்லாம் கேட்கும். ஐயா குரலைத் தாழ்த்துவார், வருகிறவர்கள் தாழ்த்த மாட்டார்கள். ஒரு துணித் திரை போட்டால்கூடப் போதும். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு ஐயா இருக்க மாட்டார். அந்த நேரம் உதவிக்கு நிற்கிற பெடியன் கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனால் வேகமாக அடிப்பான், இலக்கங்களைக் கட்டாயம் சரிபாருங்கள். மின்சாரம் நின்றால் வேலையும் நிற்கும். கூட்டிச் சொல்லி எழுதித் தரும்படி கேட்டால் ஐயா மறுத்துவிடுவார். ஒரு ஏக்கரை இரண்டு ஏக்கர் என்று போடச் சொன்ன ஒருவரை எழுந்து போகச் சொன்னதை நான் பார்த்தேன். அந்த மனிதருக்குக் கோபம். எனக்கு அதனால்தான் இந்தக் கடையில் நம்பிக்கை.

பெரிய குறை வாசல்படி. இரண்டு படியும் உயரம், பிடிக்கக் கம்பியில்லை. கால் இழந்தவர்கள் இவ்வளவு பேர் வருகிற கடை இது. ஊன்றுகோலோடு வருகிறவரை இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டியிருக்கிறது. சிலர் அதற்கு மனமில்லாமல் வீதியிலேயே நிற்பார்கள், தங்கச்சி வெளியே வந்து கேட்டு எழுதிக்கொண்டு போவா. சைக்கிளும் ஓட்டோவும் போகிற இடத்தில் நின்று ஒருவர் தன் பிறந்த திகதியைச் சத்தமாகச் சொல்ல வேண்டி வரக்கூடாது. இதை ஐயாவிடம் நேரேயே சொன்னேன். கடை வாடகைக் கட்டடம், படியை உடைக்க முடியாது என்றார். சாய்த்து வைக்கப் பலகை செய்யத் தச்சுப் பட்டறையில் சொல்லியிருக்கிறாராம். வைத்த பிறகு போய்ப் பார்த்து, சக்கர நாற்காலி ஏறுகிறதா இல்லையா என்று இங்கேயே எழுதுகிறேன்.